வந்த நம்பரை வரவில்லை என்றேன்

என் மகள் என்னிடம் ஒரே ஒரு வேலைதான் சொல்லியிருந்தாள். போனில் ஆறு எண் வரும், அதை வாசித்துச் சொல்ல வேண்டும். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவளுக்கு ஆறு எண்ணை வாசிக்கத் தெரியாதா? வாசித்தேன். வாய்க்குள்ளேயே வாசித்துவிட்டு, அவளிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அந்த ஆறு எண்ணும் இன்றுவரை எனக்கு மனப்பாடம்.

நாங்கள் இருப்பது தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில், ஒரு லைன் வீட்டில். என் வீட்டுக்காரர் மெயின் அருவியில் எண்ணெய் தேய்த்துவிடுகிற வேலை பார்த்தார். சீசன் நேரத்தில் ஒரு நாளைக்கு எத்தனை முதுகு என்று அவருக்கே தெரியாது. கைப்பக்குவம் எல்லாருக்கும் வரும், இவருக்குக் குரலும் இருந்தது. அருவி கொட்டுகிற சத்தத்துக்கு மேலே "எண்ணெய் தேய்க்கணுமா சார்" என்று ஒரு குரல் கேட்டால், கடைக்காரர்கள் திரும்பிப் பார்க்காமலே யார் என்று சொல்லிவிடுவார்கள். அவருக்கு நேர்மாறாக வாய்த்தவள் நான். நாலு பேர் இருக்கிற இடத்தில் பேசச் சொன்னால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். எனக்கும் சேர்த்து அவரே பேசினார். ரேஷன் கடை, மகளின் பள்ளிக்கூடம், வாடகை கேட்டு வரும் வீட்டுக்காரம்மா, எல்லா இடத்திலும் அவர்தான்.

அவருக்குத் தொண்டையில் கட்டி வந்தது. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது, பீடி உண்டா என்றுதான். அவர் தலையாட்டினார். நான் என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது வருடமாகப் பீடி சுற்றுகிறவள் நான். கடையில் கழித்துப் போட்ட பீடியை வீட்டுக்குக் கொண்டுவருவேன், அவர் குடிப்பார். அந்தக் குற்றம் தனி. இப்போது சொல்ல வந்தது வேறு.

குரல்வளையை எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றார்கள். ஆபரேஷனுக்கு முந்தின நாள் என் மகள் தன் போனில் அவரைப் பேசவைத்து வீடியோ பிடித்துக்கொண்டாள். போனை நேரே காட்டினால் அவருக்குப் பேச்சு வரவில்லையாம், அதனால் மெத்தைமேல் மல்லாத்தி வைத்துவிட்டுப் பேசு என்றிருக்கிறாள். நாலு நிமிஷம் பேசினாராம். நான் அந்த நேரம் பிளாஸ்க்கில் வெந்நீர் பிடிக்கக் கீழே போயிருந்தேன். திரும்பி வந்தபோது இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னவென்று நான் கேட்கவில்லை.

அவர் பிழைத்துவிட்டார். கழுத்தில் மூச்சு விட ஒரு துவாரம், அதன்மேல் ஒரு வெள்ளைத் துணி. பேச்சு இல்லை. எட்டாவது படித்தவர் என்பதால் ஒரு நோட்டில் எழுதிக் காட்டுவார். என்னைக் கூப்பிட வேண்டும் என்றால் எவர்சில்வர் டம்ளரைக் கட்டில் கம்பியில் இரண்டு தட்டுத் தட்டுவார்.

மகள் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். வைகாசி கடைசியில் வந்தபோது தன் பழைய போனை எனக்குக் கொடுத்தாள், அப்பா முகத்தைப் பார்த்துப் பேசலாம் என்று. அவளுக்கு ஆபீஸில் வேறு கம்பெனி போன் கொடுத்திருந்தார்கள். பழைய போனில் அவள் எடுத்த படங்கள் நிறைய இருந்தன. இதையெல்லாம் உன் புதுப் போனுக்கு மாற்றிக்கொள்ளவில்லையா என்று கேட்டேன்.

"ரெண்டு கம்பெனிக்கும் பேச்சுவார்த்தை கிடையாதும்மா. இதுல உள்ளது அதுக்குள்ள லேசுல போகாது. ஆனா படமெல்லாம் பழைய கம்பெனிக்காரன் இடத்துலயும் பத்திரமா இருக்கு. எனக்கு வேணும்னா கம்ப்யூட்டர் வழியாப் போயி எடுத்துக்கிடுவேன். அப்ப இந்தப் போனுக்கு ஒரு நம்பர் வரும். அத மட்டும் நீ சொல்லணும்."

"நம்பரை யாருக்கும் சொல்லக் கூடாதுன்னுல்லா சொல்லுதாங்க?"

"நீ பெத்த மகளுக்குச் சொல்லலாம்."

அவள் போய்விட்டாள். நான் அவள் சொன்னதை என் அறிவுக்குத் தக்கபடி மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். படமெல்லாம் அங்கே பத்திரமாக இருக்கிறது. அப்படியென்றால் என் கையில் இருப்பது அதன் நகல். ரேஷன் கார்டை நகல் எடுத்து வைத்துக்கொள்வது போல. நகல் கிழிந்தாலும் கார்டுக்கு ஒன்றும் ஆகாது.

லைன் வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் மத்தியானத்துக்கு மேல் எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்துதான் பீடி சுற்றுவார்கள். புதுப் போன் வந்திருக்கிறது என்று ஒருத்தி பீடி இலை வைத்திருந்த என் மடிச் சுளவில் கிடந்ததை எடுத்து விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். என் மகளும் மருமகனும் ஐந்தருவியில் நனைந்துகொண்டு நிற்கிற படங்கள் வந்தன. மருமகன் அவள் தோளில் கை போட்டிருந்தார். இன்னொன்றில் கன்னத்தோடு கன்னம்.

"மாப்பிள்ளை ஒரு நிமிஷம் கைய எடுக்க மாட்டாரு போலுக்கே, மைனி" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். போன் கை மாறிக் கை மாறிப் போனது. கடைசியில் இருந்தவள் ஆஸ்பத்திரிப் படத்துக்கு வந்துவிட்டாள். இவர் மூக்கில் குழாயோடு, வாய் பிளந்து, மயக்கத்தில் கிடக்கிற படம். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, இதை ஏன் வைத்திருக்கிறீர்கள், கண்ணில் படக் கூடாது, ஆகாது என்றாள். உள்ளே கட்டிலில் இவர் படுத்திருக்கிறார். எல்லாம் அவர் காதில் விழுந்துகொண்டிருக்கிறது. எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

அவர்கள் போன பிறகு படம் கழிக்க உட்கார்ந்தேன். இலை கழிக்கிறது எனக்குக் கைவந்த வேலை. ஓட்டை இலை, பழுத்த இலை, நரம்பு தடித்த இலை என்று பார்த்ததும் கை தானாக ஒதுக்கும். அதே மாதிரி ஒதுக்கினேன். முதலில் ஆஸ்பத்திரிப் படங்கள். குழாய், பாட்டில், பச்சைப் படுக்கை எல்லாம் போயிற்று. நடுவில் ஒன்றில் வெறும் மின்விசிறியும் மேல்சுவரும் மட்டும் தெரிந்தன. கை தவறி எடுத்தது என்று நினைத்து அதையும் சேர்த்துத் தொட்டேன். குப்பைத்தொட்டி மாதிரி இருந்த படத்தை அமுக்கியதும் இங்கிலீஷில் இரண்டு வரி ஏதோ கேட்டது. அதன் கீழே சிவப்பு எழுத்து. சிவப்பைத் தொட்டேன். போய்விட்டது.

மகளும் மருமகனும் இருக்கிற படங்களை இரண்டு நாள் விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்தேன். அவற்றைப் பார்ப்பதே தப்பு என்று முக்கால் கண்ணை மூடிக்கொண்டு தொட்டேன். பிள்ளைகளின் மானத்தைக் காப்பாற்றிவிட்டதாக ஒரு திருப்தி.

ஆனி கடைசியில் மகள் போன் பண்ணினாள். குரலில் அத்தனை சந்தோஷம். ஸ்பீக்கரில் போடு, அப்பாவும் கேட்கட்டும் என்றாள். அவள் ஆபீஸில் ஒருவர் சொன்னாராம், ஒருத்தர் பழைய குரல் ஒரு இரண்டு நிமிஷம் சுத்தமாகக் கிடைத்தால் போதும், அதை வைத்து அதே குரலில் போனைப் பேசவைக்கலாம் என்று. அப்பா எழுத வேண்டியது, போன் அப்பா குரலில் சொல்ல வேண்டியது. "ஆஸ்பத்திரில பேசினத அங்கன இருந்து எடுத்துத் தாரேன்னு சொல்லியிருக்கேம்பா. அது போதுமாம்."

இவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். நோட்டை எடுத்து அவசரமாக எழுதி எனக்குக் காட்டினார். 'முதல்ல எண்ணெய் தேய்க்கணுமா சார்னு சொல்லச் சொல்லு.' நான் வாசித்தேன். மகள் அங்கே சிரித்தாள். இவர் தோள் குலுங்கிற்று. அவர் சிரிப்புக்கும் இப்போது சத்தம் கிடையாது.

நான் கேட்டேன், ஆஸ்பத்திரியில் பேசியது எந்தப் படம் என்று.

"படம் ஒண்ணும் தெரியாதும்மா, ஃபேன் மட்டும்தான் தெரியும். சரி, நம்பர் வரும், சொல்லு."

அப்போதுதான் எனக்கு விளங்கிற்று, நான் கழித்துவிட்ட மின்விசிறிப் படம் அதுதான். போனில் ஒரு பெட்டி வந்து நின்றது. வலது பக்கம் தொடச் சொல்லித் தந்திருந்தாள், தொட்டேன். ஆறு எண் வந்தது. பெரிய எழுத்தில், கண்ணாடி இல்லாமலே தெரிந்தது. அங்கே அசல் இருக்கிறதே, பயம் எதற்கு என்று ஒரு மனசு சொன்னது. ஆனால் அந்தச் சிவப்பு எழுத்து ஞாபகத்துக்கு வந்தது. அந்த இரண்டு வரியில் என்ன கேட்டிருப்பார்கள்? கழித்தது அங்கேயும் போயிருந்தால்? இப்போது நான் எண்ணைச் சொல்வேன், அவள் உள்ளே போவாள், ஒன்றும் இருக்காது. இவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"எம்மா, வந்துட்டா?"

"வரலயே" என்றேன்.

தலையைத் தூக்கினேன். அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். எண் இன்னும் அங்கேயேதான் நின்றது. பிறகு என்னைப் பார்த்தார். நோட்டு அவர் மடியில்தான் இருந்தது, பென்சிலும் கையில் இருந்தது. அவர் எழுதவில்லை.

மறுநாளும் அதற்கு மறுநாளும் மகள் கூப்பிட்டாள். ஒரு தடவை சார்ஜ் இல்லை என்றேன். ஒரு தடவை டவர் கிடைக்கவில்லை, சாரல் அடிக்கிறது என்றேன். சாரலுக்கும் டவருக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கே தெரியாது. அவள் நம்பினாள். இந்தப் பக்கம் இவர் தினமும் சவரம் செய்துகொண்டார். ஆபரேஷனுக்குப் பிறகு வாரத்துக்கு ஒரு தடவைதான் செய்வார். நோட்டின் கடைசிப் பக்கத்தில் என்னென்ன சொல்ல வேண்டும் என்று எழுதி வைத்திருந்தார். டீக்கடைக்காரரிடம் ஒன்று, பக்கத்து வீட்டு நாயைத் திட்ட ஒன்று. நான் பீடி சுற்றினேன். அந்த வாரம் கடையில் என் பீடி நிறையக் கழிந்தது.

மூன்றாம் நாள், போனில் போனதைத் திரும்ப எடுத்துத் தருவார்களாம் என்று ஒருத்தி சொன்னது ஞாபகம் வந்து, தென்காசி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு செல்போன் கடைக்குப் போனேன். வாசல்வரை போனேன். உள்ளே எல்லாம் ஆம்பிளைகள். என்ன கேட்பது, எந்தப் படம் என்று கேட்டால் என்ன சொல்வது, மகளும் மருமகனும் கட்டிக்கொண்டு நிற்பதை அவர்கள் கிளறிப் பார்த்தால் என்ன செய்வது? எதிர்த்த வரிசையில் கொய்யாப்பழம் வாங்க வந்தவள் போல வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். இவர் இருந்தால் கேட்டிருப்பார் என்று பஸ்ஸில் தோன்றியது. இவர் இருக்கிறார். குரல்தான் இல்லை.

ஐந்தாம் நாள் மகளே லீவு போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். பையை வைத்த கையோடு போனைக் கேட்டாள். நான் அடுப்படியில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவள் குரல் வந்தது.

"எம்மா, இதுல இருந்த படமெல்லாம் எங்க?"

நான்தான் அழித்தேன் என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். ஏன் என்று கேட்டாள். எல்லாரும் எடுத்துப் பார்க்கிறார்கள், உங்கள் இரண்டு பேர் படமும் அப்படி இருந்தது என்றேன். நகல்தான் என்று நினைத்தேன் என்றும் சொன்னேன். திட்டுவாள் என்று நின்றேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள்.

"இதுல அழிச்சா அங்கனயும் அழிஞ்சிரும்மா. ரெண்டும் ஒண்ணுதான். சரி, பயப்படாத. அழிச்சது முப்பது நாளு தனியா ஒரு இடத்துல கிடக்கும். அதுக்கப்புறந்தான் போகும். எடுத்துரலாம்."

முப்பது நாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

அவள் அந்த இடத்தைத் திறந்தாள். படங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் கீழே இன்னும் இரண்டு நாள், மூன்று நாள் என்று போட்டிருந்தது. எல்லாம் அவளும் மருமகனும். நான் கண்ணை மூடிக்கொண்டு கழித்த அத்தனையும் சிரித்துக்கொண்டு இருந்தன. ஆஸ்பத்திரிப் படம் ஒன்றுகூட இல்லை. அவள் மேலே தள்ளினாள், கீழே தள்ளினாள். கம்ப்யூட்டரை விரித்து அதன் வழியாகவும் போனாள். மறுபடி நம்பர் வந்தது. அவளே பார்த்து அவளே போட்டுக்கொண்டாள். அங்கேயும் அதேதான்.

"நேத்தோடயோ முந்தாநாளோடயோ போயிருக்கு" என்றாள். பிறகு இவரைப் பார்த்து, "நான் அன்னைக்குப் போன் பண்ணினப்பவே நம்பர் வந்திருந்தாக் கிடைச்சிருக்கும்பா. நாலு நாளு இருந்திருக்கு. இந்த டவரைத்தான் சொல்லணும்" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். ஆமாம், டவர்தான் என்பது போல. என் பக்கம் திரும்பவே இல்லை.

அழித்தது அறியாமை. அதற்கு மன்னிப்பு உண்டு, அவளும் சிரித்துத்தான் விட்டாள். வரவில்லை என்று சொன்னது அறியாமை இல்லை. அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் இருந்திருந்தால் அந்த மின்விசிறிப் படம் கிடைத்திருக்கும்.

சாயங்காலம் மகள் திரும்பக் கிடைத்த படங்களைத் தன் புதுப் போனுக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். ஐந்தருவியில் எடுத்த ஒரு வீடியோ ஓடியது. தண்ணீர் கொட்டுகிற இரைச்சல், மருமகன் அவளை இழுக்கிறார், அவள் சிரிக்கிறாள். பின்னாலிருந்து ஒரு குரல்.

"தள்ளி நில்லுட்டீ, பாசி வழுக்கும்."

அவ்வளவுதான். இவருடைய குரல். அவர் விரலைச் சுழற்றிக் காட்டினார், இன்னொரு தடவை. மகள் போட்டாள். இன்னொரு தடவை. இதை வைத்துச் செய்ய முடியாதா என்று நான் கேட்டேன். ஆபீஸ்காரருக்கு அனுப்பிக் கேட்டாள். இரைச்சலும் ஜாஸ்தி, பேச்சும் நீளம் காணாது என்று பதில் வந்தது. அவர் நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து நாலாக மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்தார்.

மகள் புறப்படுகிற அன்று தென்காசி பஸ் ஸ்டாண்டுவரை கூடப் போனேன். பஸ் வர நேரம் இருந்தது. அவள் தண்ணீர் பாட்டில் வாங்கி வந்து என் பக்கத்தில் நின்றாள். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது.

"அன்னைக்கு நம்பர் வந்துட்டு" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. எந்த நம்பர் என்றாள். நான் சொன்னேன், ஆறு எண்ணையும், வரிசையாக. அவள் முகம் மாறுவதைப் பார்க்க முடியாமல் அவள் பையின் பட்டையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"ஏம்மா சொல்லல?"

"கூச்சமா இருந்துட்டு."

"எங்கிட்டயா?"

பஸ் வந்தது. அவள் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். கை காட்டுவாள் என்று நின்றேன். பஸ் திரும்புகிறவரை நின்றேன்.

வீட்டுக்கு வந்து இவரிடமும் கேட்டேன், அன்றைக்கே பார்த்தீர்களே, ஏன் அவளிடம் எழுதிக் காட்டவில்லை என்று. நோட்டை எடுத்து ஒரு சொல் எழுதினார். 'பயந்துட்ட.' அதன்பிறகு இன்னொரு வரி எழுதினார். 'நாளைக்கு நீயே சொல்லிருவன்னு நெனச்சேன்.'

மகள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இப்போதும் கூப்பிடுகிறாள். முன்பெல்லாம் என்னிடம்தான் முதலில், என்ன குழம்பு, காலில் வலி எப்படி என்று. இப்போது நான் எடுத்ததும் "அப்பாட்ட குடும்மா" என்கிறாள். கோபமாகச் சொல்வதில்லை. கொடுக்கிறேன்.

பழைய போனில் இவருக்கு அவள் ஒரு வசதி செய்து கொடுத்திருக்கிறாள். எழுதினால் பேசும். சொந்தக் குரல் இல்லாததால் அதிலேயே இருக்கிற ஒரு குரல், செய்தி வாசிக்கிறவர் மாதிரி, தெளிவாக, ஊர் பேர் தெரியாத ஓர் ஆம்பிளைக் குரல். முதல் நாள் அவர் எழுதி அமுக்கினார். "ஏட்டி, ஒரு காப்பி" என்றது அந்தக் குரல். அடுப்படியில் இருந்த நான், யாரோ அந்நிய ஆள் வீட்டுக்குள் வந்துவிட்டான் என்று சட்டென்று முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டேன்.

அவர் அதைப் பார்த்துவிட்டார். தோள் குலுங்கச் சிரித்தார். காப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். போனைக் கீழே வைத்துவிட்டு வாங்கிக்கொண்டார். அதன்பிறகு என்னைக் கூப்பிட மட்டும் அந்தக் குரலை அவர் வைத்துக்கொள்வதில்லை. டீக்கடைக்காரரிடம் பேசுகிறார், பக்கத்து வீட்டு நாயைத் திட்டுகிறார். எனக்கு அதே டம்ளர்தான், இரண்டு தட்டு. ஒவ்வொரு தடவை அது கேட்கும்போதும் எழுந்து போகிறேன். போகும்போதே அந்த ஆறு எண்ணும் வரிசையாக வருகின்றன.